‘ம்’ கொட்ட ஓர் ஆள்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்கு ஐந்து வயது. போன வருஷம் வரை ராத்திரிக் கதை என் அம்மா பொறுப்பில் இருந்தது. இப்போது அம்மா மேலூரில், தம்பி வீட்டில். நான் புத்தகம் வாங்கி வாசிக்கிறேன். இரண்டு பக்கம் தாண்டுவதில்லை, ‘அப்பத்தா மாதிரி சொல்லு’ என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். யூடியூப் பார்த்து, சிங்கத்துக்கு ஒரு குரல், முயலுக்கு ஒரு குரல் என்று பழகினேன். பத்தரை மணிக்குக் கட்டிலில் குதிக்கிறாள். புத்தகத்தை வைத்துக்கொண்டு அப்பத்தா மாதிரி சொல்ல முடியுமா?

திருநகரிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். ஆனால் அச்சில் இருக்கிறபடியே வாசித்தால் முடியாது. ‘நரி கூறியது’ என்று போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டில் யாராவது எதையாவது ‘கூறி’ அவள் கேட்டிருப்பாளா? டிவியில் செய்தி வாசிப்பவர்தான் அப்படிப் பேசுவார். அதைக் கேட்டு எந்தப் பிள்ளை தூங்கும்? (நான் தூங்குவேன், அது வேறு.) கண் எழுத்தில் ஓடட்டும், வாய் ‘நரி சொல்லுச்சு, அங்கிட்டும் இங்கிட்டும் பாத்துச்சு’ என்று போகட்டும். முதலில் நாக்கு தடுமாறும். பகலில் ஒரு தடவை தனியாக வாசித்துவிட்டால் சரியாகிவிடும். ஒன்றிரண்டு கம்பீரமான சொற்களை மட்டும் விட்டுவையுங்கள். என் மகனுக்கு ராஜா வந்தால் ‘ஆணையிட்டார்’ வந்தாக வேண்டும்.

குரல் மாற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருமுறை ராட்சசன் குரலை அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். மூன்று நாள் மகன் எங்கள் நடுவில்தான் படுத்தான். வேகத்தை மாற்றுங்கள், போதும்.

நம் மதுரை வந்திக் கிழவி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். வைகைக் கரை உடைப்பை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்கிறார் பாண்டிய ராஜா. புட்டு விற்கும் கிழவிக்கு யாரும் இல்லை. சொக்கரே, அதாவது சிவனே, கூலியாளாக வந்து, உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டு, மண் சுமக்காமல் படுத்துத் தூங்குகிறார். ராஜா பிரம்பை ஓங்குகிறார். இங்கே நிறுத்துங்கள், ஒரு மூச்சு நேரம். அப்புறம் மெதுவாக, ‘அடி யார் மேல விழுந்துச்சு?’ ராஜா முதுகில், ராணி முதுகில், மந்திரி முதுகில் என்று ஒவ்வொருவராக வந்து, கடைசியில் மகள் முதுகில் விரலால் ஒரு தட்டு. என் வீட்டில் அந்தத் தட்டுக்காகவே ஒரு வருஷம் இந்தக் கதை ஓடியது. ‘நேத்து சொன்னதுதானே’ என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதில்தான் அவர்களுக்குச் சுகம்.

சிரிப்பு அந்தத் தட்டோடு முடியட்டும். மிச்சக் கதையில் சொக்கர் ஒரு கூடை மண்ணைக் கொட்டிவிட்டு மறைகிறார், உடைப்பு அடைபடுகிறது, ஆறு அடங்குகிறது. ஆற்றோடு சேர்த்து உங்கள் குரலையும் இறக்கிக்கொண்டே வாருங்கள். ஆவணி மூலத் திருவிழா சமயம், இந்தக் கதையை நடத்திக் காட்டும் புட்டுத்தோப்புக்கு அவளைக் கூட்டிப்போங்கள். அன்று ராத்திரி அவளே உங்களுக்குக் கதை சொல்லுவாள்.

இன்னொன்று, ‘ம்’ கொட்டுவது. உங்கள் அம்மா அதைக் கேட்டுத்தான் கதையை நகர்த்தியிருப்பார். ‘ம்’ டக்கென்று வந்தால் விஸ்தாரமாகப் போகலாம். இழுத்துக்கொண்டு வந்தால் காடு, மலை வர்ணனையைத் தாண்டிவிடுங்கள். நின்றுபோனால் உடனே புத்தகத்தை மூடாதீர்கள், சத்தம் சட்டென்று நின்றால் கண் திறந்துகொள்ளும். இன்னும் நாலு வரி முணுமுணுத்துவிட்டு நிறுத்துங்கள்.

என்ன புத்தகம் வாங்குவது என்று குழம்பினால், 2023இல் புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதியில் அவளை விட்டுப் பாருங்கள். எந்தப் படத்தில் நிற்கிறாளோ அதை வாங்கலாம்.

அதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறுங்கள். ராத்திரி அம்மா கதை சொல்லும்போது நீங்களும் பக்கத்தில் படுத்து ‘ம்’ கொட்டுங்கள்.