ஏரிக்கு மேல, இரும்புக் கம்பிய புடிச்சுக்கிட்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. மியூனிக்ல வேலை பாக்கறேன். ஜூன் மாச லீவுல ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் இத்தாலி கார்டா ஏரிக்கு போறாங்க, அங்க சீமா காப்பின்னு ஒரு மலைல வியா ஃபெராட்டா ஏறலாம்னு கூப்பிடறாங்க. நல்லா நடப்பேன், ஆனா பாறை ஏறி பழக்கமே இல்ல, மூணாவது மாடி பால்கனில நின்னு கீழ பாத்தாலே உள்ளங்கால் கூசும். "கம்பில கொக்கி மாட்டிட்டுதானே போறோம், விழுந்தா தொங்குவோம், அவ்ளோதான்"னு ஒருத்தன் சொல்றான். நம்பி போலாமா?

பதில்: போங்க தம்பி, தாராளமா போங்க. ஆனா உங்க ஃப்ரெண்டு கடைசியா சொன்னத மட்டும் மனசுல இருந்து எடுத்துட்டு போங்க, ஏன்னா அது தப்பு, அது தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டு போறவங்கதான் இதுல பத்திரமா ஏறறாங்க.

மொதல்ல வியா ஃபெராட்டான்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: பாறைல போல்ட் அடிச்சு, போல்ட்டுக்கு போல்ட் இரும்பு கேபிள் இழுத்து கட்டி, செங்குத்தான எடத்துல கால் வைக்க இரும்புப் படி பதிச்சிருப்பாங்க. இத்தாலியன்ல அந்தப் பேருக்கு அர்த்தமே இரும்புப் பாதைதான். 1843லயே ஆஸ்திரியாவுல டாக்ஷ்டைன் மலைல சிமோனின்னு ஒருத்தர் இந்த மாதிரி இரும்பு மாட்ட வச்சாரு, அப்புறம் முதல் உலகப்போர்ல இத்தாலி மலைகள்ல சிப்பாய்ங்க மேல கீழ போய்வர இப்படி நிறைய வழி போட்டாங்க. நீங்க போற சீமா காப்பிலயும் அந்தப் போரோட தடம் இருக்கு. ஏரியோட வடக்கு முனைல இருக்கற ரீவா ஊரு அப்போ ஆஸ்திரியா-ஹங்கேரி கைல இருந்துச்சு, உச்சிய நெருங்கறப்போ பதுங்குகுழிய தாண்டித்தான் போவீங்க. அங்க ஒரு நிமிஷம் நில்லுங்க, அந்த ஓட்டை வழியா கீழ ஏரி தெரியும், அதையேதான் துப்பாக்கியோட ஒருத்தன் பாத்துட்டு உக்காந்திருப்பான்னு நெனைக்கறப்போ எனக்கு தொண்டை அடைச்சுருச்சு.

சரி, கொக்கி விஷயத்துக்கு வரேன், இதுதான் முக்கியம். உங்க இடுப்புல ஹார்னஸ்ங்கற பட்டை, அதுல இருந்து ரெண்டு கையா பிரியற லேன்யார்டுங்கற கயிறு, ஒவ்வொண்ணு நுனிலயும் ஒரு கேரபினர், அதாவது அந்தக் கொக்கி. ரெண்டையும் கேபிள்ல மாட்டிட்டு ஏறுவீங்க. இப்போ கை விட்டுச்சுன்னு வைங்க, நீங்க அந்த எடத்துலயே தொங்க மாட்டீங்க, கேரபினர் கேபிள் வழியா சறுக்கிட்டு கீழ இருக்கற போல்ட் வரைக்கும் வந்துதான் நிக்கும், செங்குத்தான எடத்துல அது மூணு நாலு மீட்டர் கூட இருக்கலாம், வழில இருக்கற இரும்புப் படி, பாறை முனை எல்லாத்துலயும் அடிபட்டுட்டுதான் வருவீங்க. அந்த வேகத்த தாங்கறதுக்குதான் லேன்யார்டு அடில ஒரு சின்ன பை மாதிரி அப்சார்பர் இருக்கு, உள்ள மடிச்சு தச்ச பட்டை, இழுப்பு வந்தா தையல் ஒண்ணொண்ணா பிரிஞ்சு அதிர்ச்சிய வாங்கிக்கும். ஒரு தடவை பிரிஞ்சா அதோட அந்த செட் குப்பைக்குதான். அது உயிர காப்பாத்தும், கால் உடையாதுன்னு சத்தியம் பண்ணாது. அதனால செட் இருக்குங்கற தைரியத்துல விழலாம்னு நெனைக்காதீங்க, விழாமதான் ஏறணும்.

வாடகைக்கு எடுக்கறப்போ லேபிள்ல இஎன் 958, 2017ன்னு இருக்கான்னு பாருங்க, அது இந்த செட்டுக்கான ஐரோப்பிய பாதுகாப்புத் தரம். பழைய செட்ட யாராவது சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க, 2012ல ஒரு விபத்துல லேன்யார்டோட ரெண்டு கையும் அறுந்துபோச்சு, அதுக்கப்புறம் பல கம்பெனி செட்டுகள திரும்ப வாங்கிக்கிட்டாங்க. ஹெல்மெட் கட்டாயம், மேல போறவர் கால் பட்டு கல்லு வரும். விரல் வெட்டின கிளவுஸ் போட்டுக்குங்க, கேபிள்ல பிசிறு கம்பி இருந்தா உள்ளங்கைய கிழிச்சுரும்.

போல்ட்ட தாண்டறப்போ ஒரு கேரபினர கழட்டி அடுத்த பக்கம் மாட்டி, கிளிக் சத்தம் கேட்டப்புறம்தான் ரெண்டாவதுல கை வைக்கணும். ரெண்டையும் ஒண்ணா கழட்டவே கூடாது. ஒரு போல்ட்டுக்கும் அடுத்த போல்ட்டுக்கும் நடுவுல ஒரே ஆளு, உங்களுக்கு மேல இருக்கறவர் போல்ட்ட தாண்டற வரைக்கும் நீங்க கீழயே நில்லுங்க, பின்னாடி வர்றவங்க அவசரப்படுத்துனா அவசரப்படுத்தட்டும்.

பயத்துக்கு வருவோம். நான் மொத தடவை ஏறுனப்போ கேபிள கட்டிப்புடிச்சுக்கிட்டு கையாலயே உடம்ப இழுத்து இழுத்து ஏறுனேன், இருவது நிமிஷத்துல முழங்கைக்கு கீழ கல்லு மாதிரி ஆயிருச்சு, விரல் மடங்கல, கேரபினர அமுக்கி திறக்க முடியல. அப்போதான் நெஜமான பயம்னா என்னன்னு தெரிஞ்சுது. கூட வந்த கைடு சொன்னது ஒண்ணே ஒண்ணு, காலப் பாரு, கால் வைக்கற எடத்தப் பாத்து வச்சு கால்ல எழுந்திரு, கை சும்மா புடிச்சுக்கறதுக்கு மட்டும். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். உள்ளங்கால் கூசறவங்களுக்கு இதுல ஒரு நல்லது என்னன்னா, கண்ணு முன்னாடி அரை மீட்டர்ல பாறை இருக்கும், அடுத்த கால் எங்கன்னு தேடறதுலயே மனசு போயிரும், பால்கனில சும்மா நிக்கறப்போ அப்படி எதுவும் இல்ல பாருங்க. ஹார்னஸ்ல குட்டையா ஒரு மூணாவது கொக்கியும் கேட்டு வாங்குங்க, கை அசந்தா இரும்புப் படில மாட்டி ஒக்காந்து மூச்சு வாங்கலாம்.

சீமா காப்பில ஏறற வழிக்கு சுசாட்டின்னு பேரு, பியாச்சேசா கிராமத்துல இருந்து கெளம்பலாம். எளிசான வகைதான், பாதி நடை, பாதி கேபிள். உச்சி 909 மீட்டர்தான், ஆனா கார்டா ஏரி கடல்மட்டத்துல இருந்து வெறும் 65 மீட்டர்ல இருக்கறதால 800 மீட்டருக்கும் மேல இருந்து நேரா தண்ணியப் பாப்பீங்க, எதுத்தாப்ல மோன்டே பால்டோ மலை சுவராட்டம் நிக்கும், கீழ பாய்மரப் படகெல்லாம் அரிசி சிந்துன மாதிரி இருக்கும். அதுக்கு முன்னாடி நாள் ஏதாவது ஒரு சின்னப் பாறைல கொக்கி மாத்தறத அம்பது தடவை பழகிட்டு போங்க.

கேள்வி: நாங்க குடும்பமா போறோம், ஒம்பது வயசு பொண்ணு, 27 கிலோ இருக்கா. சின்ன சைஸ் ஹார்னஸ் கடைல இருக்கு. அது போதுமா?

பதில்: போதாதுங்க. அந்த அப்சார்பர் 40ல இருந்து 120 கிலோ வரைக்கும்தான் கணக்கு. எடை கம்மியான புள்ள விழுந்தா தையல் பிரியறதுக்கு வேண்டிய இழுப்பே வராது, முழு அதிர்ச்சியும் அந்தச் சின்ன உடம்புல இறங்கும். கொழந்தைக்கு மேல இருந்து தனியா கயிறு போட்டு புடிக்கணும், அது தெரிஞ்ச கைடு கூட இருந்தா கூட்டிட்டு போங்க, இல்லாட்டி வேண்டாம். பாறைய குடைஞ்சு போட்ட பழைய பொனாலே ரோடு இப்போ நடக்கறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும்தான், ரீவால இருந்தே நடக்கலாம், ஏரி கூடவே வரும், அவளுக்கு அது ரொம்ப புடிக்கும்.

கேள்வி: மேகம் கட்டுனா என்ன பண்றது? பாதில திரும்ப முடியுமா?

பதில்: இடி வரும்னு ஃபோர்காஸ்ட்ல ஒரு வரி இருந்தாலும் கெளம்பாதீங்க, நீங்க மாட்டிட்டு நிக்கறது இரும்புக் கம்பில. ஏறுன பாதைலயே திரும்பி இறங்கறது கஷ்டம், பின்னாடி ஆளுங்க வந்துட்டே இருப்பாங்க, அதனால முடிவ கேபிள் ஆரம்பிக்கற எடத்துலயே எடுத்துருங்க. கோடைல இடி பெரும்பாலும் மதியத்துக்கு மேலதான், வெயிலும் பாறைல நேரா அடிக்கும், ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி எடுத்துக்குங்க. காலைல ஆறரைக்கு நடக்க ஆரம்பிச்சீங்கன்னா, தெக்குல இருந்து ஓரா காத்து கெளம்பி ஏரில அலை அடிக்கறப்போ நீங்க ரீவாவுக்கு பக்கத்து ஊரான டோர்போலே கரைல ஷூவ கழட்டிப் போட்டுட்டு தண்ணில கால வச்சிட்டு இருப்பீங்க.