நாலு சுவருக்குள் ஒரு படம்: சினிமா கேள்வி – பதில்

‘12 ஆங்ரி மென்’ கிட்டத்தட்ட முழுக்க ஒரே ஜூரி அறைதான் (வழக்கில் முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு உட்காரும் அறை). ஆனாலும் போகப் போக அறை சுருங்கி மூச்சு முட்டுகிறதே, செட்டையே மாற்றினார்களா? (வாசகர், மதுரை)

செட் மாறவில்லை. மாறியது லென்ஸும் கேமராவின் உயரமும். 1957இல் வந்த இந்தப் படம் சிட்னி லூமெட் இயக்கிய முதல் திரைப்படம். ஒளிப்பதிவு போரிஸ் காஃப்மன். முதல் மூன்றில் ஒரு பங்கில் கேமரா கண்மட்டத்துக்கு மேலே இருக்கும், அடுத்த பங்கில் கண்மட்டத்தில், கடைசிப் பங்கில் அதற்கும் கீழே. கீழிருந்து பார்க்கும்போது அதுவரை கண்ணில் படாத மேற்கூரை தலைக்கு மேல் தெரிய ஆரம்பிக்கிறது. இதோடு சேர்த்து லென்ஸின் மில்லிமீட்டரையும் (குவியத் தூரம்; எண் கூடக் கூடக் காட்சி குறுகும்) படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனார்கள். அதனால் பின்சுவர் முதுகுக்கு அருகில் வந்துவிட்டதுபோல் தெரியும். எல்லாம் முடிந்து நீதிமன்றத்துக்கு வெளியே வரும் கடைசி ஷாட்டில் அகலமாகக் காட்டும் வைட் லென்ஸ். நமக்கும் அங்கேதான் மூச்சு வருகிறது.

கதைக்குள்ளும் அறை மாறிக்கொண்டே இருப்பதைக் கவனியுங்கள். புழுக்கம், வானம் இருட்டுவது, மழை என்று போகும். ஓடாமல் கிடந்த ஃபேனுக்கு விளக்கு சுவிட்சோடுதான் இணைப்பு என்பது பாதிப் படத்துக்கு அப்புறமே தெரியவரும். ‘எனக்கு வேர்க்காது’ என்று சொல்லும் நான்காம் ஜூரர் (ஜூரி உறுப்பினர்), தான் பார்த்த சினிமா பற்றிக் கேள்வி கேட்கப்பட்டுத் தடுமாறும்போது நெற்றியைத் துடைக்கிறார். வசனத்தில் ஒரு வார்த்தை இல்லாமல் அவருடைய வாதம் சரிவதை அந்தக் கைக்குட்டை சொல்லிவிடுகிறது.

குறும்படங்களில் வழக்கமாகச் சொதப்புவது ஒன்று உண்டு. முதல் பத்து நிமிடத்திலேயே முகம் மட்டும் ஃப்ரேமை நிரப்பும் டைட் க்ளோஸ் வைத்துவிடுவார்கள். கிளைமாக்ஸில் அதைவிட நெருங்க இடமே இருக்காது.

எங்களிடம் இருப்பது 10க்கு 12 அடி அறை, ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமரா (சென்சார் அகலம் 36 எம்எம்). 85 எம்எம் வைத்தால் அதே மாதிரி வருமா? (வாசகர், ஈரோடு)

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாடகைக்கு எடுங்கள். ஃப்ரேமின் அகலம் 1 மீட்டர் வரும் மிட் ஷாட் (இடுப்புக்கு மேல் தெரிவது) என்று வைத்துக்கொள்வோம். 28 எம்எம் என்றால் கேமரா நடிகரிடமிருந்து சுமார் இரண்டரை அடியில் இருக்கும். 85 என்றால் ஏழே முக்கால் அடி தள்ளிப் போக வேண்டும். அவருக்குப் பின்னால் 3 அடியில் சுவர் இருந்தால், 28இல் அந்தச் சுவர் ஏழடி அகலத்துக்குத் தெரியும், 85இல் நாலரை அடிதான். முகம் இரண்டிலும் அதே அளவு. ‘சுவர் நெருங்குகிறது’ என்பது இந்த வித்தியாசம்தான்.

பத்தடி அகலத்தில் நடிகருக்குப் பின்னால் 3 அடியும், கேமராவும் அதை இயக்குபவரும் நிற்க இரண்டரை அடியும் போனால் மிச்சம் நாலரை அடி. 50 எம்எம் வரை தாங்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வாசற்படிக்கு வெளியிலிருந்தோ ஜன்னல் வழியாகவோ எடுங்கள். இல்லையென்றால் நடிகரைச் சுவரோடு ஒட்டி உட்காரவையுங்கள். பெரிய படங்களில் சுவரைக் கழற்றி நகர்த்தும்படி செட் போடுவது இதற்காகத்தான்.

மேசையைச் சுற்றி ஆறு பேர் பேசும் காட்சி. எடிட்டில் யார் யாரைப் பார்க்கிறார் என்றே புரியவில்லை. (வாசகர், புதுச்சேரி)

லுக், அதாவது நடிகர் பார்க்கும் திசை, மாறியிருக்கும். இருவர் பேசினால் அவர்களுக்கு நடுவே ஒரு கற்பனைக் கோடு, கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். ஆறு பேர் என்றால் ஜோடிக்கு ஒன்றாகப் பதினைந்து கோடுகள். மேசையின் படத்தை வரைந்து, ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் ‘கேமராவுக்கு இடது’, ‘கேமராவுக்கு வலது’ என்று எழுதிக்கொள்ளுங்கள். பேசுபவரை மட்டுமல்ல, கேட்பவரையும். கோட்டைத் தாண்டியே ஆக வேண்டுமானால் யாராவது ஒருவரை எழுந்து நடக்கவிடுங்கள், அல்லது நடுவில் எல்லோரும் தெரியும் ஒரு மாஸ்டர் ஷாட் போடுங்கள்.

லைட்டிங்கை அடிக்கடி மாற்றாமல் இருக்க, ஒரு நாற்காலிப் பக்கம் உள்ள ஷாட்களையெல்லாம் சேர்த்து எடுப்பது நல்ல வழி. லூமெட்டும் அப்படித்தான் எடுத்தார். அதனால் ஒரே வாக்குவாதத்தில் ஒருவர் முகத்துக்கும் எதிராளி முகத்துக்கும் இடையே பல நாள் இடைவெளி விழுந்தது. அதைத் தாங்கியது முன்கூட்டியே செய்த இரண்டு வார ஒத்திகை. உங்களுக்கு அவ்வளவு நாள் கிடைக்காவிட்டாலும் மூன்று நாளாவது முழு ஸ்கிரிப்டையும் வரிசையாக நடித்துப் பார்க்காமல் ஷூட்டிங் போகாதீர்கள்.

வேர்வைக்கும் இதே கதிதான், வரிசை மாறி எடுக்கும்போது ஷாட்டுக்கு ஷாட் பொருந்தாமல் போகும். கிளிசரினும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஸ்ப்ரே செய்யுங்கள், சீக்கிரம் காயாது. எந்தக் காட்சியில் எவ்வளவு என்று 1 முதல் 4 வரை எண் போட்டு, ஒவ்வொரு ஷாட் முடிந்ததும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டம்ளரில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தது என்பதும் அந்தப் படத்தில் தெரியட்டும்.

மொத்தப் படத்தையும் ஒரே ஷாட்டில் எடுத்தால் பதற்றம் கூடுமா? (வாசகர், திருச்சி)

தானாகக் கூடாது. ஹிட்ச்காக்கின் ‘ரோப்’ (1948) ஒரே ஷாட் போலத் தெரிவதற்கு ஆசைப்பட்ட படம். ஆயிரம் அடி ஃபிலிம் 11 நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்பதால், ஒருவர் கோட்டின் முதுகில் கேமரா போய் முட்டும் இடத்தில் வெட்டை மறைத்தார்கள். தியேட்டரில் ரீல் மாறும் இடங்களில் வெளிப்படையான வெட்டே இருக்கும். கட் இல்லையென்றால் ஒரு மௌனத்தை இரண்டு விநாடி நீட்டவோ குறைக்கவோ எடிட்டரால் முடியாது. முதல் படத்துக்கு இது வேண்டாத வம்பு.

ஒலிக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டுமா? (வாசகர், நாகர்கோவில்)

கட்டாயம். வெளியுலகத்தைக் காட்ட உங்களுக்கு வேறு வழியே கிடையாது. பார்த்திபனின் ‘ஒத்த செருப்பு சைஸ் 7’ (2019) திரையில் ஒரே நடிகரை வைத்து ஓடுகிறது. மற்றவர்கள் வெறும் குரல்கள். அதன் ஒலிக்கலவைக்காக ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டிக்குத் தேசிய விருது கிடைத்ததில் ஆச்சரியம் இல்லை.

வெறும் சுவர் எதிரொலிக்கும். ஃப்ரேமில் வராத பக்கத்தில் ஜமுக்காளம், கனமான போர்வை தொங்கவிடுங்கள். ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் மூன்றையும் அணைத்துவிடுங்கள். (ஃபிரிட்ஜுக்குள் வண்டிச் சாவியை வைத்துவிட்டால், கிளம்பும்போது அதைத் திறந்தே ஆக வேண்டும், மறுபடி ஆன் செய்ய மறக்காது.) கிளம்பும் முன் எல்லோரும் அசையாமல் நிற்க, அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள், வசனங்களுக்கு இடையில் ஒட்டுப்போட எடிட்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.