உணவக அடுக்களைக்குப் பசுமையான துப்புரவுப் பொருட்கள்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எங்கள் உணவக அடுக்களையில் ரசாயனங்களை நிறுத்திவிட்டு வினிகர், சமையல் சோடா இரண்டை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியுமா?

பதில்: முடியாது. இரண்டையும் கலந்தால் பொங்கும் நுரை பார்க்கத்தான் அழகு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ள, மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர். அதற்குப் பிசுக்கை எடுக்கும் சக்தி கிடையாது. தனித்தனியாக என்றால் பயன் உண்டு: சோடா தேய்ப்பதற்கு, வினிகர் உப்புக்கறைக்கு. ஆனால் பச்சை இறைச்சி வெட்டிய பலகையில் கிருமியைக் கொல்ல வினிகரை நம்பவே கூடாது.

அழுக்கை எடுப்பது ஒரு வேலை, கிருமியை ஒழிப்பது வேறு வேலை. சுரண்டி, கழுவி, அலசி, கிருமிநாசினி போட்டு, காற்றில் உலரவிட வேண்டும். வரிசை மாறினால் பலன் இல்லை. பிசுக்கு இருக்கும் இடத்தில் ப்ளீச் ஊற்றினால், கிருமியைத் தொடும் முன்பே அதன் குளோரின் அந்த அழுக்கிலேயே தீர்ந்துவிடும்.

கழுவும் திரவத்தில் தாராளமாகப் பசுமைக்கு மாறலாம். 'இயற்கை', 'மூலிகை' என்ற சொற்களை ஒதுக்கிவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். நீர்நிலைகளுக்குக் கேடு செய்யும் பாஸ்பேட், நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட், இடிடிஏ ஆகிய ரசாயனங்கள் மூன்றும் இருக்கக் கூடாது. பொருள் எவ்வளவு எளிதில் மக்குகிறது என்று பார்க்கும் சர்வதேச ஓஇசிடி 301 சோதனையில் தேறியது என்றிருந்தால் நல்லது. அதில் எளிதில் மக்கும் பொருள் என்று பெயர் வாங்க, 28 நாளில் குறைந்தது 60 சதவீதமாவது சிதைய வேண்டும். ஐரோப்பிய ஈக்கோலேபிள், நார்டிக் ஸ்வான், க்ரீன் சீல் போன்ற முத்திரைகள் வெளியார் சரிபார்த்துத் தருபவை. உற்பத்தியாளரே அச்சிட்டுக்கொள்ளும் பச்சை இலைக்கு அந்த மதிப்பு இல்லை.

எஃகு புகைபோக்கி ஃபில்டருக்கு, லிட்டருக்கு 30 கிராம் வாஷிங் சோடா (சலவைச் சோடா; சமையல் சோடா அல்ல) கரைத்த வெந்நீரில் அரை மணி நேர ஊறல் போதும். கையுறை அவசியம். அலுமினிய ஃபில்டரை அதில் போடாதீர்கள், கறுத்துவிடும். காஸ்டிக் சோடாவோ உலோகத்தையே அரித்துவிடும்.

கிருமி நீக்கத்துக்கு, மூழ்கவைக்கக்கூடிய பாத்திரங்களை 77 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 30 விநாடி வையுங்கள், ரசாயனமே வேண்டாம். மேசைக்கும் பலகைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு அல்லது லாக்டிக் அமிலம் அடிப்படையிலான, உணவு படும் பரப்புக்கு ஏற்றது என்று லேபிளில் உள்ள கிருமிநாசினி நல்லது. லேபிள் சொல்லும் நேரம் வரை பரப்பு ஈரமாகவே இருக்க வேண்டும். பெரும்பாலான அடுக்களைகளில் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். ப்ளீச்தான் உள்ளது என்றால், 5 சதவீத ப்ளீச்சில் 2 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால் 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 100 பங்கு) குளோரின் கிடைக்கும். நாள்பட்ட ப்ளீச் வீரியம் இழந்திருக்கும் என்பதால் குளோரின் அளவைக் காட்டும் சோதனைத் தாளில் பார்த்துவிடுங்கள், தினமும் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். வினிகரோ வேறு அமிலமோ அதோடு சேரவே கூடாது; குளோரின் வாயு கிளம்பும்.

கேள்வி: பசுமைத் திரவத்துக்கு மாறியபின் தரை பிசுபிசுக்கிறது. பொருள் மட்டமா?

பதில்: பெரும்பாலும் அளவுதான் காரணம். நுரை குறைவாக வருவதைப் பார்த்து ஊழியர்கள் கூடுதலாக ஊற்றுவார்கள். மிஞ்சிய சோப்பு தரையில் காய்ந்து அழுக்கை ஈர்க்கும். இரண்டு முறை வெறும் வெந்நீரால் துடைத்துப் பழைய படிவை எடுங்கள். பிறகு அடர்திரவத்துக்கு அளவு பம்ப் பொருத்தி, எத்தனை அழுத்து, எத்தனை லிட்டர் என்பதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். எந்த முத்திரை வாங்கினாலும் ஆற்றுக்குப் போகும் ரசாயனத்தை நிச்சயமாகக் குறைக்கும் வழி இதுதான் என்பது எங்கள் திடமான கருத்து.

கேள்வி: சாக்கடைக் குழாய்க்குப் பாக்டீரியா, என்சைம் திரவம் பலன் தருமா?

பதில்: இரவு வேலை முடிந்தபின், தண்ணீர் ஓடாத நேரத்தில் ஊற்றினால் தரும். கொதிநீரும் ப்ளீச்சும் அதைக் கொன்றுவிடும். கிரீஸ் ட்ராப்பை (கழிவுநீரிலிருந்து கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் தொட்டி) சுத்தம் செய்வதற்கு அது மாற்று அல்ல. கொழுப்பும் வண்டலும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கை எட்டுமுன் அள்ளிவிட வேண்டும். கொழுப்பை வெறுமனே இளக்கிவிடும் திரவங்களை வாங்காதீர்கள். குழாயில் சற்றுத் தள்ளிப் போய்க் குளிர்ந்ததும் அது மறுபடி இறுகி அடைத்துக்கொள்ளும்.