நியோஃபைட் என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம்? "கத்துக்குட்டி"ன்னு மொழிபெயர்க்கலாமா?

கேட்டவர் ஒரு இங்கிலீஷ் கட்டுரைய தமிழ்ல எழுதிட்டு இருக்காராம், அதுல நியோஃபைட்னு வருது, டிக்‌ஷனரில ஒரு இடத்துல "ஆரம்பநிலையாளர்", இன்னொரு இடத்துல "புதுசா மதம் மாறினவர்"னு போட்டிருக்கு, பேசாம கத்துக்குட்டின்னு எழுதிடலாமான்னு கேக்கறார். தயவுசெஞ்சு எழுதாதீங்க. என்னை ஒரு வருஷம் அந்த வார்த்தையாலதான் கூப்பிட்டாங்க, அதனால இத விளக்கமா சொல்லணும்னு தோணுது.

நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துல பொறந்தவ, இந்து. வேலைக்குன்னு பெங்களூர் வந்தேன். இங்க ஒரு தமிழ் பங்குல, அதாவது கத்தோலிக்க சர்ச்சுல, ஒரு வருஷத்துக்கும் மேல மறைக்கல்விக்கு (சமயப் பாடத்துக்கு) போய், பாஸ்கா திருவிழிப்புங்கற ஈஸ்டருக்கு முந்தின ராத்திரியில ஞானஸ்நானம் வாங்கினேன். அதுவரைக்கும் எனக்கு வேற பேர், கேட்டகுமென், அதாவது இன்னும் பாடம் கேட்டுட்டு இருக்கறவங்க. தண்ணி ஊத்தி வெள்ளைத் துணி போட்ட நிமிஷத்துல இருந்து நியோஃபைட். அன்னைல இருந்து பெந்தகோஸ்து திருநாள் வரைக்கும் அம்பது நாள் எங்களுக்குன்னு தனியா ஒரு காலம் இருக்கு, வாங்கின அருட்சாதனம், அதாவது ஞானஸ்நானம் மாதிரியான புனிதச் சடங்கு, என்னன்னு நிதானமா உள்வாங்கிக்கிற காலம்.

அந்த சமயத்துலதான் ஒரு நாள் அன்பியக் கூட்டத்துல (பங்குல அக்கம்பக்கத்துக் குடும்பங்க சேர்ந்து ஜெபிக்கிற சின்னக் குழு) ஜெபம் சொல்ல நான் வாயெடுத்தேன், பக்கத்துல இருந்த ஒரு அக்கா "அவங்க புதுசு, அவங்களுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது, நான் சொல்றேன்"னு வாங்கிக்கிட்டாங்க. அவங்க கெட்ட எண்ணத்துல சொல்லல, ஆனா எனக்கு வீட்டுக்கு வந்தும் மனசு ஆறல. அடுத்த வாரம் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்த சிஸ்டர்கிட்ட போய், "ஏன் சிஸ்டர், நியோஃபைட்னா ஒண்ணும் தெரியாதவங்கன்னு அர்த்தமா?"ன்னு கேட்டேன். "யாரும்மா சொன்னா? உங்கப்பா வயல்ல நாத்து நடுவார்ல, அதும்மா நீ"ன்னாங்க.

நெஜமாவே அதான் அர்த்தம். கிரேக்கத்துல நெயோஸ்னா புதுசு, ஃபைட்டோஸ்னா நட்டது. நெயோஃபைட்டோஸ், புதுசா நட்ட செடி. பழைய ஏற்பாட்டோட கிரேக்க மொழிபெயர்ப்புல இது அசல் செடியத்தான் குறிக்குது. கல்யாணத்துல வாசிப்பாங்களே 128ம் சங்கீதம், பிள்ளைங்க பந்தியச் சுத்தி ஒலிவமரக் கன்னு மாதிரி இருப்பாங்கன்னு, அந்த "கன்னு" இருக்கற இடத்துல கிரேக்கத்துல இருக்கறது இதே வார்த்தைதான். இத தெரிஞ்சுக்கிட்ட அன்னைக்கு நான் அழுதுட்டேன்.

புதிய ஏற்பாட்டுல ஒரே ஒரு தடவைதான் வருது, 1 தீமோத்தேயு 3:6. சபைக்கு கண்காணியா இருக்கறவர் "நூதன சீஷனாயிருக்கக்கூடாது"ன்னு பழைய தமிழ் பைபிள்ல இருக்கும், இறுமாப்பு வந்துடும்னு காரணமும் அங்கேயே சொல்லியிருக்கு. அறிவு பத்தாதுன்னு சொல்லல, கவனிங்க. எங்கப்பா சொல்வார், நாத்து நட்டு ஒரு வாரம் பத்து நாள் மஞ்சளா சோர்ந்துதான் நிக்கும், அப்புறம்தான் வேர் புடிச்சு பச்சை கட்டும், அதுக்குள்ள போய் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு. எனக்கு அந்தக் கடிதத்துல பவுல் சொன்னதும் அப்படித்தான் படுது. 325ல ஆயர்கள் (பிஷப்புகள்) கூடின நிசேயா சங்கமும் ஞானஸ்நானம் வாங்கின கையோட ஒருத்தர ஆயர் ஆக்கக்கூடாதுன்னு சட்டமே போட்டுச்சு. ஆனா அதுக்கு அம்பது வருஷம் கூட ஆகல, 374ல மிலான் நகரத்துல கவர்னரா இருந்த அம்புரோஸ ஜனங்க ஆயரா வேணும்னு புடிச்சுக்கிட்டாங்க, அவர் அப்ப ஞானஸ்நானமே வாங்கல, வாங்கின சில நாள்லயே ஆயர் ஆயிட்டார். 387ல பின்னாடி பெரிய புனிதரான அகுஸ்தினாருக்கு ஞானஸ்நானம் குடுத்தது அவர்தான். நட்ட உடனே வேர் புடிக்கிற நாத்தும் உண்டு.

இங்கிலீஷ்ல குழப்பம் வந்ததுக்கு காரணம், அந்த தீமோத்தேயு வசனத்துல 1582ல வந்த கத்தோலிக்க மொழிபெயர்ப்பு நியோஃபைட்னே வெச்சுச்சு, 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள் நாவிஸ்னு போட்டுச்சு. ரெண்டும் ஒண்ணு இல்ல. பெங்களூர்ல எங்க பாத்தாலும் கன்னியர் மடம், அங்க நாவிஷியேட்ல, அதாவது துறவறப் பயிற்சிக் காலத்துல, இருக்கற பொண்ணுங்க பெரும்பாலும் பொறந்ததுல இருந்தே கிறிஸ்தவங்க, துறவற வாழ்க்கைக்குத்தான் புதுசு. அவங்க நாவிஸ், நான் நியோஃபைட். அரசியலுக்கு புதுசா வந்தவரையும் பேப்பர்ல நியோஃபைட்னு எழுதறாங்க, ஆரம்பநிலைங்கற அர்த்தம் இதுல இருந்து பின்னாடி கிளை விட்டதுதான்.

செடி சமாச்சாரம் இன்னும் முடியல. ஐரோப்பாவுல தாவரவியல்காரங்க 1492க்கு அப்புறம் மனுஷங்க மூலமா வெளியில இருந்து வந்து வேரூன்றின செடிகள நியோஃபைட்னு சொல்றாங்க. அந்தக் கணக்கை இங்க போட்டா நம்ம கப்பன் பார்க், லால்பாக் எல்லாம் அதுதான், மடகாஸ்கர்ல இருந்து வந்த குல்மோஹர், தென்னமெரிக்காவுல இருந்து வந்த ஜகரண்டா, அமெரிக்கக் கண்டத்து டபேபுயா. 1908ல லால்பாக்குக்கு வந்த கிரும்பீகல்ங்கற ஜெர்மன்காரர் வருஷம் பூரா ஒண்ணு மாத்தி ஒண்ணு பூக்கற மாதிரி திட்டம் போட்டு நட்டார்னு சொல்வாங்க. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துல ரோடு பூரா ரோஸ் கலர்ல டபேபுயா பூத்துக் கிடக்கும், அத வெளியூர் மரம்னு யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

சரி, உங்க கட்டுரைக்கு வரேன். சமயம் பத்தினதுன்னா "புதுசா ஞானஸ்நானம் பெற்றவர்"னு நேரா எழுதுங்க, வேற மதம்னா அந்த மதத்துக்காரங்க அவங்கள என்ன சொல்றாங்களோ அதையே கேட்டு போடுங்க. அரசியல், ஆபீஸ்னா "புதியவர்" போதும். கவிதை மாதிரி ஏதாவதுன்னா நாத்துன்னோ இளங்கன்னுன்னோ தைரியமா போடலாம், மூலத்துக்கு அதுதான் ரொம்ப கிட்ட. கத்துக்குட்டில ஒரு எளக்காரம் இருக்கு, மூல வார்த்தைல அது சுத்தமா இல்ல.