ஆமை அடுக்கில் 144 காய்கள்

சின்ன வயதில் கணினியில் ஆடிய விளையாட்டுகளில் இன்று திரும்ப ஆடினாலும் சலிக்காதது எது என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மாஜோங்தான். நான்கு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் சீன ஆட்டத்தைச் சொல்லவில்லை. அதன் காய்களை மட்டும் எடுத்து அடுக்கி வைத்து, ஒரே ஆள் ஜோடி ஜோடியாகக் கழற்றிக்கொண்டே வரும் கணினி ஆட்டம் இது. விண்டோஸ் விஸ்டாவிலும் 7-லும் ‘மாஜோங் டைட்டன்ஸ்’ என்ற பெயரில் கூடவே வந்தது, பலருக்கு ஞாபகம் இருக்கும். அதற்கு முன்பு, 1990-இல் மைக்ரோசாப்ட் தனியாக வெளியிட்ட விளையாட்டுத் தொகுப்பில் இதுவே ‘தைப்பே’ என்று இருந்தது.

எங்கள் வீட்டில் இதை அதிகம் ஆடியது சித்தி. இரவு சமையலறை வேலை முடிந்ததும் வந்து உட்காருவார், நான் பின்னால் நின்று கை காட்டுவேன். சீன எழுத்து எங்கள் இருவருக்கும் தெரியாது. அதனால் வட்டம் போட்ட காய்கள் ‘காசு’, மூங்கில் காய்கள் ‘குச்சி’, ஒன்றாம் மூங்கிலில் வரும் பறவை ‘மயில்’. “அந்த மயில எடுக்காத, இன்னொண்ணு அடியில மாட்டியிருக்கும்” என்பார். அது எவ்வளவு சரியான அறிவுரை என்பது, லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கும் ‘கேமாஜோங்’ மென்பொருளைச் சமீபத்தில் நிறுவி, மறுபடி ஆட உட்கார்ந்தபோதுதான் முழுதாகப் புரிந்தது.

ஆடாதவர்களுக்காக விதியைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 144 காய்கள். ஒரே மாதிரி இருக்கும் இரண்டைத் தொட்டால் இரண்டும் போய்விடும். ஆனால் ஒரு காயை எடுக்க வேண்டுமென்றால் அதன் மேல் எதுவும் இருக்கக் கூடாது, இடப்பக்கமோ வலப்பக்கமோ ஏதாவது ஒன்று காலியாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஒவ்வொரு காயும் நான்கு நான்காக இருக்கும். பூக்கள் நான்கும் பருவங்கள் நான்கும் மட்டும் விதிவிலக்கு. அவை ஒன்றுபோல் இருக்காது, ஆனால் எந்தப் பூவும் எந்தப் பூவோடும் சேரும், பருவங்களும் அப்படியே.

பார்த்தால் படத்துக்குப் படம் பொருத்தும் குழந்தை விளையாட்டு போலத்தான் இருக்கும். ஆனால் அதில் பொருத்துவது ஒரு சின்ன வேலை. நான்கு காய்களை இரண்டு ஜோடியாக்க மூன்று வழிகள் உண்டு. எந்த வழி என்பதில்தான் ஆட்டம் முழுவதும் இருக்கிறது. நான்கும் ஒரே நேரத்தில் கையில் கிடைத்துவிட்டால் யோசிக்கவே வேண்டாம், நான்கையும் எடுத்துவிடலாம். மூன்று கிடைத்து, நான்காவது எங்கோ அடியில் இருந்தால்தான் சங்கடம். இரண்டை எடுத்த பிறகு மிஞ்சும் ஒன்று, அந்த நான்காவது வெளியே வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். அது யார் வழியை மறித்துக்கொண்டு உட்காரப் போகிறது என்று பார்க்க வேண்டும். எதை எடுக்கலாம் என்பதை விட எதை விட்டுவைக்கலாம் என்பதுதான் இந்த ஆட்டத்தின் கேள்வி.

எல்லோருக்கும் தெரிந்த ‘ஆமை’ அடுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் 87 காய்கள், அதன் மேல் 36, அப்புறம் 16, அப்புறம் 4, உச்சியில் ஒன்று. உச்சியில் இருக்கும் அந்த ஒற்றைக் காய் நான்கு பேரை அமுக்கிக்கொண்டிருக்கிறது. ஆமையின் இடது ஓரத்தில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் காய், நடுவில் ஓடும் இரண்டு வரிசைகளின் வாயை அடைக்கிறது. வலது ஓரத்தில் அதே வேலைக்கு ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு காய்கள். உச்சியில் ஒன்று, ஓரங்களில் மூன்று என இந்த நான்கையும் சீக்கிரம் கழற்ற வேண்டும் என்பது கொஞ்ச நாள் ஆடியவர்கள் எல்லோருக்கும் பிடிபட்டுவிடும்.

பலர் கவனிக்காத இடம் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் இருக்கும் 12 காய் வரிசைகள். அவற்றின் மேல் ஒரு காய்கூடக் கிடையாது. எல்லாம் பளிச்சென்று கண்ணுக்குத் தெரிகிறது. அதனாலேயே மனம் அவற்றை அலட்சியம் செய்து, நடுவில் இருக்கும் கோபுரத்தையே குடைந்துகொண்டிருக்கும். ஆனால் அந்த வரிசைகளில் எப்போதும் இரண்டு முனைகள் மட்டுமே திறந்திருக்கும். உள்ளே இருக்கும் காய் கண்ணெதிரே இருந்தும் கைக்கு எட்டாது. கடைசியில் ஆட்டம் முடங்குவது பெரும்பாலும் அங்கேதான். இப்போது நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு வரிசைகளைத்தான். ஒரே காய் இரண்டு அதற்குள் அடுத்தடுத்து இருந்தால், மற்ற இரண்டு காய்களையும் ஒன்றோடொன்று சேர்த்து வீணாக்காமல் பத்திரப்படுத்துவேன்.

இந்த ஆட்டத்தை முதலில் கணினியில் செய்தவர் பிராடி லாக்கார்ட். இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஆட்டத்தின் மீது எனக்கிருந்த பிரியம் இன்னும் கூடியது. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீரராக இருந்தவர். 1979-இல் டிராம்போலின் பயிற்சியில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்துபோனது. அப்போது இலினாய் பல்கலைக்கழகத்தில் உருவான ‘பிளேட்டோ’ என்ற கணினி வலையமைப்பு இருந்தது. அதன் தொடுதிரை முனையம் ஒன்றில், வாயில் ஒரு குச்சியைக் கவ்விக்கொண்டு விசைகளைத் தட்டி, 1981-இல் இந்த ஆட்டத்தை எழுதி முடித்தார். 1986-இல் ஆக்டிவிஷன் நிறுவனம் அதை ‘ஷாங்காய்’ என்ற பெயரில் வெளியிட்டது. அதிலிருந்து கிளைத்தவைதான் இன்று கைபேசியில் கிடைக்கும் அத்தனையும்.

ஒவ்வொரு தட்டலுக்கும் கழுத்தை அசைக்க வேண்டியிருந்த ஒருவர் செய்த ஆட்டம் இது. இதில் விரல் வேகம் தேவையில்லை, இழுக்க வேண்டாம், சுட வேண்டாம். ஒரு காயைத் தொட வேண்டும், இன்னொன்றைத் தொட வேண்டும். நடுவில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். கணினி எலிக்கும் கைபேசித் திரைக்கும் இது அப்படியே பொருந்திப்போனதற்குக் காரணம் இந்த எளிமைதான் என்று நினைக்கிறேன். எலியைப் பிடிக்கவே தயங்கிய சித்தியும் முதல் நாளே ஆடத் தொடங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, எல்லா ஆட்டத்தையும் முடிக்க முடியுமா? முடியாது. நெதர்லாந்தைச் சேர்ந்த கணிதவியலாளர் மிகீல் டி போண்ட் 2012-இல் இதை ஆராய்ந்து எழுதினார். காய்களைக் குலுக்கிப் போட்டு ஆமை அடுக்கில் வைத்தால், அடியில் இருப்பவை எல்லாம் தெரிந்தே ஆடினாலும் நூற்றுக்குச் சுமார் மூன்று ஆட்டங்களை யாராலும் முடிக்க முடியாது. மிச்சமுள்ள இரண்டு மயில்களில் ஒன்று மற்றொன்றின் தலைமேல் உட்கார்ந்திருந்தால் என்ன செய்ய முடியும்? அடியில் இருப்பது தெரியாமல் ஆடும் நமக்குத் தோல்வி இன்னும் அதிகம்.

இதற்கு ஒரு மாற்று வழி இருக்கிறது. வெற்றுப் பலகையில் தொடங்கி, கழற்றும் வரிசையைத் தலைகீழாக்கி, ஜோடி ஜோடியாகக் காய்களை வைத்துக்கொண்டே வந்தால் கட்டாயம் முடிக்கக்கூடிய ஆட்டம் கிடைத்துவிடும். கேமாஜோங்கில் இதற்கென்றே ஒரு அமைப்பு உண்டு. புதிதாக ஆடுபவர்கள் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். தோற்றால் அடுக்கைக் குறை சொல்ல முடியாது, எந்த ஜோடியில் கோட்டை விட்டோம் என்று பின்னோக்கிப் போய்த் தேடலாம். அந்தத் தேடலுக்காக ‘அன்டூ’ பொத்தானைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. ‘ஹின்ட்’ பொத்தானை மட்டும் தொடாதீர்கள். அது எடுக்கக்கூடிய ஒரு ஜோடியைக் காட்டும், எடுக்கலாமா என்பதைச் சொல்லாது.