வீடியோவில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் வக்கீலைப் பாருங்கள்

கேள்வி: பென்சில்வேனியாவில் எக்ஸ்டன் பக்கம் வசிக்கிறோம். என் கணவருக்கு 52 வயது, பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ராத்திரியானால் பாதம் இரண்டும் நெருப்பில் வைத்ததுபோல் எரிகிறது. நரம்பு வலிக்குக் கபாபென்டின் 300 மில்லிகிராம் மூன்று வேளை போட்டும் தூக்கமில்லை. வீடியோவில் டாக்டரிடம் பேசினாலே மெடிக்கல் மரிஜுவானா கார்டு கிடைக்கும் என்கிறார்கள். இது சட்டப்படி சரியா? எப்படி வாங்குவது? கிரீன் கார்டில் இருக்கிறோம். அடுத்த வருடம் சிட்டிசன்ஷிப்புக்கு விண்ணப்பிக்க எண்ணம்.
– ஒரு வாசகி

பதில்: மாநிலச் சட்டப்படி சரிதான். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும், சகோதரி.

மரிஜுவானாவை மருந்தாக வாங்க அனுமதிக்கும் அந்தக் கார்டைத் தருவது பென்சில்வேனியா மாநிலம். குடியுரிமை தருவது ஃபெடரல் அரசு. 1970-ஆம் ஆண்டின் ஃபெடரல் சட்டம் மரிஜுவானாவை, அதாவது நம் ஊர்க் கஞ்சாவை, போதைப்பொருள்களுக்கான மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்தது. டாக்டர் இதற்கு மருந்துச் சீட்டு எழுதாமல் ‘சான்று’ மட்டும் தருவதற்குக் காரணமும் அதுதான். மாநிலம் அனுமதித்திருந்தாலும், மரிஜுவானா வைத்திருந்ததோ பயன்படுத்தியதோ குடியுரிமைக்கான ‘நன்னடத்தை’க்குக் குறையாகலாம் என்று குடியுரிமைத் துறை 2019 ஏப்ரலில் வெளியிட்ட கொள்கைக் குறிப்பு சொல்கிறது. பொதுவாக விண்ணப்பத்துக்கு முந்தைய 5 வருட நன்னடத்தையைப் பார்ப்பார்கள். வழக்கு, தண்டனை எதுவும் இல்லாவிட்டாலும் நேர்காணலில் தாமாக ஒப்புக்கொள்வதே சிக்கலாகலாம். மறைத்துப் பொய் சொன்னால் அது இன்னும் பெரிய ஆபத்து; பின்னாளில் தெரியவந்தால் கிடைத்த குடியுரிமையே பறிபோகலாம். ஆகவே எந்த இணையதளத்திலும் பதிவு செய்வதற்கு முன், இமிகிரேஷன் வக்கீல் ஒருவரிடம் இந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிடுங்கள். குடியுரிமை கைக்கு வரும்வரை பொறுக்கச் சொன்னால், தயவுசெய்து பொறுங்கள்.

வக்கீல் தடையில்லை என்றாலோ, பிற்பாடு குடியுரிமை வந்த பிறகோ, இந்த வரிசையில் செய்யுங்கள். வரிசை மாறினால்தான் பணமும் நாளும் வீணாகின்றன.

முதலில் மாநில சுகாதாரத் துறையின் நோயாளிப் பதிவேட்டில் அவரே கணக்குத் தொடங்க வேண்டும். பெயரும் முகவரியும் பென்சில்வேனியா டிரைவர் லைசென்ஸிலோ மாநில அடையாள அட்டையிலோ உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். தமிழர்கள் தடுக்கி விழும் இடம் இது. லைசென்ஸில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கும். பதிவேட்டில் பழக்கத்தில் இனிஷியல் போட்டுவிடுவார்கள். வீடு மாறியிருந்தால் போக்குவரத்துத் துறையில் முகவரியை முதலில் மாற்றிவிட்டு வாருங்கள். பதிவு முடிந்ததும் நோயாளி எண் ஒன்று வரும்; டாக்டர் கேட்பது அதைத்தான்.

இரண்டாவது, டாக்டர். மாநிலம் அங்கீகரித்த மருத்துவர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், பிறகு பணம் கட்டுங்கள். ‘எல்லா மாநிலத்துக்கும் செல்லும் கார்டு’ என்று விற்பவர்களிடம் போகவே வேண்டாம். அப்படி ஒன்று கிடையாது. வீடியோ வழியாகச் சான்று தருவதை 2021-இல் வந்த 44-ஆம் எண் சட்டம் நிரந்தரமாக்கியது. நரம்பு சம்பந்தமான தீராத கடும் வலி தகுதியுள்ள நோய்களில் ஒன்று என்பதால் உங்கள் கணவருக்கு வழி இருக்கிறது. ஆனால் ‘கால் எரியுது டாக்டர்’ என்று வாயால் சொன்னால் போதாது. நரம்புப் பாதிப்பு என்று எழுதிய டாக்டர் குறிப்பு, நரம்புப் பரிசோதனை செய்திருந்தால் அதன் அறிக்கை, இதுவரை சாப்பிட்ட மருந்துகளின் பெயரும் அளவும், எது ஏன் பலிக்கவில்லை என்பது, இவற்றை முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுத்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மரிஜுவானா அதன் வேகத்தைக் கூட்டக்கூடும். கபாபென்டினோடு சேரும்போது மயக்கமும் தள்ளாட்டமும் அதிகமாகும். உணர்விழந்த பாதத்தோடு இரவில் பாத்ரூம் போகிறவருக்கு இது விளையாட்டல்ல.

டாக்டர் சான்றை ஏற்றியதும் அதே கணக்கில் நுழைந்து மாநிலத்துக்கு 50 டாலர் கட்ட வேண்டும். டாக்டர் கட்டணம் தனி. இன்ஷூரன்ஸைப் பெரும்பாலும் நம்ப முடியாது. கார்டு தபாலில் வரும். சான்றையும் கார்டையும் காலம் முடியுமுன் புதுப்பிக்க வேண்டும். அவரால் டிஸ்பென்சரிக்கு, அதாவது மரிஜுவானா விற்கும் உரிமம் பெற்ற கடைக்கு, போக முடியாவிட்டால் நீங்கள் பராமரிப்பாளராகப் பதியலாம். ஆனால் அதற்குக் கைரேகைச் சோதனை உண்டு. மருந்து உங்கள் கையில் இருப்பதால் மேலே சொன்ன குடியுரிமைச் சிக்கல் உங்களுக்கும் வரும்.

டிஸ்பென்சரியில் மருந்தாளரிடம் பேசாமல் எதையும் எடுக்காதீர்கள். புகைப்பதற்கு இந்த மாநிலத்தில் அனுமதியில்லை. நாக்கடியில் விடும் சொட்டு மருந்தானால் லேபிளில் கணக்குப் பாருங்கள்: 30 மில்லி பாட்டிலில் 300 மில்லிகிராம் டிஎச்சி (மரிஜுவானாவில் போதை தரும் பொருள்) என்றால் ஒரு மில்லியில் 10, இரவில் கால் மில்லி, அதாவது 2.5 மில்லிகிராம், ஆரம்பத்துக்குப் போதும். விழுங்கினால் வேலை செய்ய ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகும். ‘ஒன்றும் தெரியவில்லையே’ என்று நடுவில் இன்னொரு முறை போடுவதால்தான் பலர் நெஞ்சு படபடத்து எமர்ஜென்சிக்கு ஓடுகிறார்கள்.

கார் ஓட்டுபவரா? பென்சில்வேனியாவில் ரத்தத்தில் இதன் சுவடு கொஞ்சம் இருந்தாலும் போதை ஓட்டுநர் வழக்கு போடலாம். கார்டு காப்பாற்றாது, சுவடோ பல நாள் தங்கும். பாட்டிலை நியூ ஜெர்சிக்குக் கொண்டுபோவதும் ஃபெடரல் குற்றம். சென்னைக்குப் போகும்போது பெட்டியில் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. இந்தியாவின் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் முன் இந்தக் கார்டு செல்லாது.

இதெல்லாம் முடிவாகும்வரை அவர் வலியோடு காத்திருக்க வேண்டியதில்லை. மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையும். சைவமானால் இன்னும் குறையும். அந்தக் குறைவும் இதே போலப் பாதத்தை எரிய வைக்கும். வழக்கமான டாக்டரிடம் ரெக்கார்டு கேட்கப் போகும் அன்றே பி12 ரத்தப் பரிசோதனை கேளுங்கள். கபாபென்டின் அளவைக் கூட்டலாமா, துலாக்சிடின் என்ற இன்னொரு நரம்பு வலி மருந்துக்கு மாறலாமா, பாதத்தில் தடவக் கேப்சைசின் க்ரீம் உதவுமா என்பதையும் அன்றே கேட்டுவிடுங்கள்.