ஜார்ஜியாவில் மருத்துவம் படிக்க மகளை அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்கிறாள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் இல்லை. தனியார் கல்லூரி எங்கள் சக்திக்கு மீறியது. ஜார்ஜியாவின் டிபிலிசி நகரில் சேர்த்துவிடலாம், அது ஐரோப்பா மாதிரி, எந்தப் பிரச்சினையும் இல்லை என்கிறார் ஏஜென்ட். என் அண்ணன் மகன் 2022இல் உக்ரைனிலிருந்து உயிர் தப்பி வந்தவன். அவனோ, "வேண்டாம் அத்தை, அங்கேயும் பக்கத்து வீடு ரஷ்யாதான்" என்கிறான். யார் பேச்சைக் கேட்பது? — ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: அனுப்பலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் பிரச்சினையே இல்லை என்று நம்பி அனுப்பாதீர்கள். படிப்பும் பயிற்சியும் சேர்ந்து ஆறு வருடக் கணக்கு. அந்த ஆறு வருடத்தில் அந்த நாடு எந்தப் பக்கம் சாயும் என்று அந்த நாட்டு மக்களுக்கே இன்று தெரியாது. அதனால் உங்கள் அண்ணன் மகனின் பயத்தைத் தட்டிக் கழிக்க வேண்டாம். அவன் சொல்வது எதனால் என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஜார்ஜியா நாற்பது லட்சத்துக்கும் குறைவானவர்கள் வாழும் சின்ன நாடு. வடக்கே முழுக்க காக்கசஸ் மலைத்தொடர், அதற்கு அப்பால் ரஷ்யா. தெற்கே துருக்கி, ஆர்மீனியா. கிழக்கே அஜர்பைஜான். மேற்கே கருங்கடல். 1991வரை சோவியத் ஒன்றியத்தில் இருந்தது. 2003இல் நடந்த ரோஜாப் புரட்சிக்குப் பிறகு ஆட்சிக்கு வந்த மிகைல் சாகாஷ்விலி, அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணியான நேட்டோவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சேர்ந்தே தீருவது என்று நின்றார். ரஷ்யாவுக்கு அது பிடிக்கவில்லை.

2008 ஏப்ரலில் புக்கரெஸ்ட்டில் நேட்டோ மாநாடு நடந்தது. உக்ரைனையும் ஜார்ஜியாவையும் சேர்ப்பதற்கான முறையான வழித்திட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்றது அமெரிக்கா. ஜெர்மனியும் பிரான்சும் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒரு சமரசம்: இரண்டு நாடுகளும் ஒருநாள் உறுப்பினர் ஆகும் என்று அறிக்கையில் எழுதிவிட்டு, எப்போது, எப்படி என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள். அந்த ஒரு வரியால் ரஷ்யாவின் கோபம் கூடியது, ஜார்ஜியாவுக்குப் பாதுகாப்பு எதுவும் கிடைக்கவில்லை. மேற்கு நாடுகள் இந்தப் பகுதியில் செய்த மிகப் பெரிய தவறு இதுதான் என்று நான் நினைக்கிறேன். அதற்கான விலையை வாக்குறுதி கொடுத்தவர்கள் கட்டவில்லை. ஜார்ஜியாவின் கிராமத்து மக்கள் கட்டினார்கள்.

நான்கே மாதத்தில் போர் வந்தது. ஆகஸ்ட் 7ஆம் தேதி இரவு, பிரிந்து நின்ற தெற்கு ஒசேத்தியாவின் தலைநகர் ட்ஸ்கின்வாலி மீது ஜார்ஜியப் படை குண்டு வீசியது. ரஷ்யப் படை ரோக்கி சுரங்கப்பாதை வழியாக இறங்கி கோரி நகரம்வரை வந்துவிட்டது. ஐந்தே நாள். ஐரோப்பிய ஒன்றியம் அமைத்த விசாரணைக் குழு 2009இல் அறிக்கை தந்தது. சண்டையைத் தொடங்கிவைத்தது ஜார்ஜியாவின் பீரங்கித் தாக்குதல், ஆனால் அதற்கு முன் பல வருடங்களாகச் சீண்டிக்கொண்டிருந்தது ரஷ்யா, அதன் பதிலடியும் அளவு மீறியது என்றது அந்த அறிக்கை. ஆகஸ்ட் 26ஆம் தேதி, கருங்கடல் ஓரத்தில் அதேபோலப் பிரிந்து நின்ற அப்காசியாவையும் தெற்கு ஒசேத்தியாவையும் தனி நாடுகளாக ரஷ்யா அங்கீகரித்தது. பெரும்பாலும் 1990களிலேயே பிடி தளர்ந்திருந்த, நாட்டின் ஐந்தில் ஒரு பங்கு நிலம் அத்தோடு முழுதாகக் கைவிட்டுப் போயிற்று. இன்றுவரை திரும்பவில்லை.

இதில் உங்கள் மகளுக்கு நேரடியாகத் தேவையான ஒரு விஷயம் இருக்கிறது. கோரி நகரம் நாட்டின் நடுவில், டிபிலிசியையும் கருங்கடல் கரையையும் இணைக்கும் ஒரே பெரிய நெடுஞ்சாலையில் இருக்கிறது. ரஷ்யப் படை அங்கே வந்து நின்றதும் நாடு இரண்டாக அறுந்தது. காஸ்பி அருகே ரயில் பாலமும் தகர்க்கப்பட்டது. அந்த நெடுஞ்சாலையிலிருந்து தெற்கு ஒசேத்தியாவைப் பிரிக்கும் கோடு இன்றைக்கும் சில இடங்களில் சில நூறு மீட்டர் தூரத்தில்தான் ஓடுகிறது. டிபிலிசிக்கும் அந்தக் கோட்டுக்கும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர்.

கோடு என்றால் சோதனைச்சாவடி, கொடிக்கம்பம் எல்லாம் உள்ள எல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கோரியைச் சுற்றி ஆப்பிள் தோட்டங்கள். போரில்லாத காலத்திலும் அந்தத் தோட்டங்களுக்கு நடுவே முள்கம்பி வளர்ந்துகொண்டே போகிறது. ஒருநாள் காலையில் எழுந்தால் வயலில் ஒரு பச்சை நிறப் பலகை நட்டிருக்கும், இது அரசு எல்லை, தாண்டாதே என்று. குர்வலேட்டி என்ற கிராமத்தில் முதியவர் ஒருவரின் வீடே கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அவர் பென்ஷனும் மருந்தும் வாங்கக் கம்பிக்கு இந்தப் பக்கம் வர முடியாமல் தவித்தார். அக்கம்பக்கத்தார் கம்பி வழியே கொடுத்து உதவினார்கள். 2023 நவம்பரில் கிர்பாலி கிராமத்தருகே, தேவாலயத்துக்குக் கும்பிடப் போன ஒருவரை ரஷ்யப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். 2008 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்புக் குழு அங்கே ரோந்து வருகிறது. அவர்களிடம் ஆயுதம் கிடையாது, கம்பிக்கு அந்தப் பக்கம் போகவும் அவர்களை விடுவதில்லை.

சரி, உக்ரைனுக்கு நடந்தது நாளை ஜார்ஜியாவுக்கு நடக்குமா?

இப்போதைக்கு வாய்ப்பு குறைவு என்பேன். 2012 முதல் ஆட்சியில் இருக்கும் 'ஜார்ஜியக் கனவு' கட்சி ரஷ்யாவைச் சீண்டாமல் இருப்பதையே கொள்கையாக வைத்திருக்கிறது. உக்ரைன் போருக்காக ரஷ்யாமீது தடை விதிக்க மறுத்தது. 2023இல் மாஸ்கோ விமானங்கள் மறுபடி வர ஆரம்பித்தன. 2024 தேர்தலின்போது இந்தக் கட்சி ஊரெங்கும் வைத்த பேனர்களில் ஒரு பாதியில் இடிந்த உக்ரைன் தேவாலயம், மறுபாதியில் பளிச்சென்ற ஜார்ஜியத் தேவாலயம் என்று படம் போட்டிருந்தார்கள். போர் வேண்டுமா, அமைதி வேண்டுமா என்று மக்களைக் கேட்டார்கள். போரைப் பார்த்த மக்களிடம் அந்தப் பயம் வேலை செய்தது. இப்படி ஒரு அரசு இருக்கும்வரை மாஸ்கோவுக்குப் பீரங்கி அனுப்ப வேண்டிய தேவையே இல்லை.

ஆனால் அதற்கு வேறு விலை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலும் நேட்டோவிலும் சேர எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்று ஜார்ஜியாவின் அரசியல் சாசனமே சொல்கிறது. 2023 டிசம்பரில் ஒன்றியத்தின் வேட்பாளர் நாடு என்ற தகுதியும் கிடைத்தது. அதற்குப் பிறகு 2024 மே மாதம், வெளிநாட்டு நிதி வாங்கும் அமைப்புகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை அரசு கொண்டுவந்தது. ரஷ்யச் சட்டத்தின் நகல் என்று எதிர்த்து லட்சக்கணக்கில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அக்டோபர் தேர்தலில் முறைகேடு என்று எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. நவம்பர் 28 அன்று, 2028 முடியும்வரை ஒன்றியத்தில் சேரும் பேச்சுவார்த்தையே கிடையாது என்று பிரதமர் இராக்லி கோபாகிட்ஸே அறிவித்தார். அன்று இரவே ருஸ்தவேலி சாலையில் நாடாளுமன்றத்தின் முன்னால் கூட்டம் கூடிவிட்டது. தண்ணீர்ப் பீரங்கி, கண்ணீர்ப்புகை, கைது. அடுத்த மாதம் கட்சியின் நிறுவனர் பிட்ஸினா இவானிஷ்விலிமீது அமெரிக்கா தடை விதித்தது. கூட்டம் அதன் பிறகும் மாதக்கணக்கில், இரவு தவறாமல், கூடிக்கொண்டே இருந்தது. அதில் பலர் உங்கள் மகள் வயதுப் பிள்ளைகள். அவர்கள் கேட்பது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் உங்கள் மகள் அந்தக் கூட்டத்தின் பக்கம் போகக்கூடாது. ஆர்வத்தில் வீடியோ எடுக்கக்கூடப் போகக்கூடாது. சாலை மறியலுக்கும் முகத்தை மறைத்துக்கொண்டு போராடுவதற்கும் தண்டனையைக் கடுமையாக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டவர் என்றால் நாட்டைவிட்டே அனுப்பிவிடவும் வழி இருக்கிறது. இதைத் தவிர்ப்பது கஷ்டமில்லை. டிபிலிசி அரசு மருத்துவப் பல்கலைக்கழகம் சபுர்தாலோ பகுதியில், வாஜா ப்ஷவேலா சாலையில் இருக்கிறது. கல்லூரி பெயரிலேயே மெட்ரோ நிலையம் உண்டு. போராட்டம் நடக்கும் ருஸ்தவேலி சாலை அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி. அந்தப் பக்கம் ரகளை நடக்கும் இரவில் இந்தப் பக்கம் கடைகள் திறந்தே இருக்கும்.

குண்டு விழுவதைவிட விதி மாறுவதைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும். மேற்கு நாடுகளோடு உறவு முறிந்துகொண்டிருக்கும் ஒரு அரசு எல்லாத் துறையையும் தன் பிடிக்குள் கொண்டுவரப் பார்க்கிறது. 2025இல் உயர்கல்வியைத் திருத்தியமைக்கும் திட்டத்தை அறிவித்தார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவர் சேர்க்கையை மட்டுப்படுத்துவதும் அதில் உண்டு. ஏஜென்ட் போன வருடத்துக் கதையைச் சொல்லக்கூடும். நீங்கள் தேர்ந்தெடுக்கும் கல்லூரிக்கே மின்னஞ்சல் அனுப்பி, இந்த வருடம் இந்திய மாணவர் சேர்க்கை உண்டா, முழுப் படிப்பும் ஆங்கிலத்திலா, உள்ளே சேர்ந்தவர்களைப் பாதியில் பாதிக்கும் மாற்றம் ஏதும் வருகிறதா என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். பதில் வராத கல்லூரி வேண்டாம்.

இந்தியப் பக்கத்து விதியும் கையில் இருக்கட்டும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிகளின்படி, படிப்பு குறைந்தது 54 மாதம் இருக்க வேண்டும்; அதற்கு மேல் 12 மாதப் பயிற்சியை அதே வெளிநாட்டுக் கல்லூரியில் முடிக்க வேண்டும்; ஆங்கில வழியாக இருக்க வேண்டும்; சேர்ந்த நாளிலிருந்து பத்து வருடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும். இங்கே வந்து தகுதித் தேர்வு எழுதி, மறுபடி ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். பாதியில் வேறு நாட்டுக் கல்லூரிக்கு மாறிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் நம்பாதீர்கள். உக்ரைன் மாணவர்களுக்கு 2022 செப்டம்பரில் கொடுத்தது தனிச் சலுகை. அப்போது இடம் மாறியவர்களில் சிலர் ஜார்ஜியாவுக்கே வந்து படித்தார்கள். ஜார்ஜியாவில் ஒன்று நடந்தால் அதே சலுகை கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதனால் ஆறு வருட ஃபீஸை மொத்தமாகக் கட்டாதீர்கள். வருடா வருடம் கட்டுங்கள், முடிந்தால் செமஸ்டர் வாரியாக. தள்ளுபடி தருகிறேன் என்றாலும் வேண்டாம்.

எந்த ஊர் என்பதையும் யோசியுங்கள். 2008இல் நடுவில் சாலை அறுந்ததைச் சொன்னேன் அல்லவா, வெளியேறும் வழியை அதை வைத்துத்தான் திட்டமிட வேண்டும். டிபிலிசியில் இருந்தால் தெற்கே சதாக்லோ வழியாக ஆர்மீனியா. கருங்கடல் கரை நகரமான பட்டுமியில் படித்தால் சார்பி வழியாகத் துருக்கி, அது ஊரை ஒட்டியே இருக்கிறது. அஜர்பைஜானின் தரை எல்லையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், 2020இல் பயணிகளுக்கு மூடியதை வருடக்கணக்கில் திறக்காமலே வைத்திருந்தார்கள். வடக்கே லார்ஸ் கணவாய் வழியாக ரஷ்யா போவதை நினைக்கவே வேண்டாம். 2025 ஜூனில் ஈரான்மீது குண்டு விழுந்தபோது அந்த நாட்டின் உர்மியா நகரில் படித்த இந்திய மாணவர்கள் ஆர்மீனியாவுக்குள் நுழைந்து யெரெவானிலிருந்துதான் விமானம் ஏறினார்கள். வான்வழி மூடினால் தரைவழிதான். ஆர்மீனியா, துருக்கி இரண்டுக்கும் இந்தியர்களுக்கு என்ன விசா விதி என்று கிளம்பும் முன்பே பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சுற்றுலா விஷயத்தில் ஒரே ஒரு கண்டிப்பு. அப்காசியாவுக்கும் தெற்கு ஒசேத்தியாவுக்கும் போகவே கூடாது. ரஷ்யப் பக்கமாக அங்கே நுழைவது ஜார்ஜியச் சட்டப்படி குற்றம். கோரிக்குப் போவது பிரச்சினையில்லை. ஆனால் படம் எடுக்கிறேன் என்று கம்பிவேலிக் கிராமங்களுக்குப் போய், தெரியாமல் அந்தக் கோட்டைத் தாண்டினால் அந்தப் பக்கத்துப் படையினர் பிடித்து வைத்துக்கொள்வார்கள். அங்கே இந்தியத் தூதரகத்தால் நேரடியாக எதுவும் செய்ய முடியாது.

பாஸ்போர்ட் எப்போதும் மகளிடமே இருக்கட்டும், கல்லூரியிலோ ஏஜென்டிடமோ கொடுத்து வைக்க வேண்டாம். போய்ச் சேர்ந்த வாரமே டிபிலிசியில் உள்ள இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். திரும்பி வரும் டிக்கெட் விலைக்கான பணத்தை அவள் தொடக்கூடாத பணமாகத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள்.

கடைசியாக, உங்கள் அண்ணன் மகனிடம் ஒன்று கேளுங்கள். 2022 பிப்ரவரி 15ஆம் தேதியே, இருக்க அவசியமில்லாதவர்கள், முக்கியமாக மாணவர்கள், தற்காலிகமாகக் கிளம்புவதைப் பற்றி யோசிக்கலாம் என்று கீவ் இந்தியத் தூதரகம் சொன்னது. போர் தொடங்கியது 24ஆம் தேதி. நடுவில் ஒன்பது நாள் இருந்தும் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கிளம்பவில்லை. நேரடி வகுப்பு, வருகைப் பதிவு போய்விடும், டிக்கெட் விலை அதிகம், எல்லாரும் இருக்கிறார்களே என்று காத்திருந்தார்கள். உக்ரைனின் சுமி நகரில் சிக்கியவர்கள் மார்ச் 8வரை பனியை உருக்கித் தண்ணீர் குடித்தார்கள். அவன் ஏன் காத்திருந்தான் என்று உங்கள் மகள் முன்னால் சொல்லச் சொல்லுங்கள். அப்புறம் வீட்டில் ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள்: தூதரகம் கிளம்பச் சொன்னால், கல்லூரி என்ன சொன்னாலும், அன்றைக்கே கிளம்ப வேண்டும். அதற்கு உங்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்றும் இப்போதே சொல்லிவிடுங்கள்.